ஹலாலா என்று கேட்ட சிறுவன்: பறவை அறிஞர் சலீம் அலியின் வாழ்க்கை

சித்திரை மாதக் கடைசியில், நெய்வேலி நகரியத்தில் ஃபஜ்ர் தொழுதுவிட்டு வீடு திரும்புகிறவர்களின் காதில் முதலில் விழுவது குயில் சத்தம்தான். சற்று வெளிச்சம் வந்ததும் மாமரத்திலிருந்து காகம் ஒன்று குயிலைத் துரத்திக்கொண்டு பறக்கும். காகத்தின் கூட்டில் தன் முட்டையை இட்டுவிடக் குயில் அலையும் காலம் இது. வட்டங்களின் புல்தரைகளில் கொண்டலாத்தி நீண்ட அலகால் மண்ணைக் குத்திப் புழு தேடிக்கொண்டிருக்கும். சுலைமான் நபி அவர்களின் வரலாற்றில் வரும் ஹுத்ஹுத் இந்தப் பறவைதான் என்று சொல்லிப் பாருங்கள், பிள்ளைகள் நின்று பார்ப்பார்கள்.

நகரியத்தைத் தாண்டினால் நீர்நிலைகள். பழுப்பு நிலக்கரிப் படிவத்துக்குக் கீழே நிலத்தடி நீர் பெரும் அழுத்தத்தோடு இருக்கிறது. அதை இரவு பகலாக இறைத்தால்தான் திறந்தவெளிச் சுரங்கத்தில் வேலை நடக்கும். அப்படி வெளியேறும் சுரங்க நீர் வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் போகிறது. இன்னும் தெற்கே, லால்பேட்டையை ஒட்டி வீராணம் ஏரி. கோடையில் நீர் உள்வாங்க உள்வாங்க, கரையோரச் சேற்றில் கொக்குகளும் நத்தைகுத்தி நாரைகளும் இறங்கும். கோரைப் புல்லுக்குள் நீலத்தாழைக்கோழி நடக்கும். முக்குளிப்பான் ஓரிடத்தில் மூழ்கி வேறோரிடத்தில் தலை நீட்டும்.

பள்ளி விடுமுறை வேறு. பைக்கின் முன்னால் உட்கார்ந்து வரும் பிள்ளை கேட்கும்: அத்தா, அது என்ன பறவை? நம்மில் பெரும்பாலோரின் பதில், ஏதோ ஒரு குருவி என்பதோடு முடிந்துவிடும்.

நூறு ஆண்டுகளுக்கும் முன்பு பம்பாயில் ஒரு முஸ்லிம் வீட்டில் ஒரு சிறுவன் இதேபோல ஒரு குருவியைக் காட்டிக் கேட்டான். அந்த வீட்டுப் பெரியவர் கேள்வியை அப்படியே விட்டுவிடவில்லை. இந்தியப் பறவையியலின் தந்தை என்று இன்று உலகம் போற்றும் சலீம் அலியின் கதை அங்கேதான் தொடங்குகிறது.

மாமு அனுப்பிய இடம்

சலீம் மொய்சுத்தீன் அப்துல் அலி 1896ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் பம்பாயில், சுலைமானி போஹ்ரா குடும்பத்தில் பிறந்தார். ஒரு வயதில் தந்தையை இழந்தார். மூன்று வயதில் தாயும் போய்விட்டார். அவரையும் உடன்பிறந்தவர்களையும் தாய்மாமன் அமீருத்தீன் தையப்ஜியும் அவருடைய மனைவி ஹமீதா பேகமும் எடுத்து வளர்த்தார்கள். அந்தத் தம்பதிக்குப் பிள்ளைகள் இல்லை. கேத்வாடியில் இருந்த அவர்கள் வீடுதான் யத்தீமான இந்தப் பிள்ளைகளுக்குத் தாய்வீடானது.

அக்காலத்து வசதியான வீட்டுப் பையன்களைப் போலவே சலீமுக்கும் ஒரு சிறு காற்றுத் துப்பாக்கி கிடைத்தது. அதை வைத்துச் சிட்டுக்குருவிகளைச் சுடுவான். அறுத்துச் சமைத்துத் தின்பதும் உண்டு. ஏறத்தாழ பத்து வயதில் ஒருநாள் அவன் சுட்ட குருவியின் தொண்டையில் மஞ்சள் திட்டு ஒன்று தெரிந்தது. வழக்கமான சிட்டுக்கு அப்படி இருக்காது. இது வேறு வகைப் பறவையோ, இதை உண்பது மார்க்கத்தில் ஆகுமானதுதானா என்று அவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. செத்த குருவியைக் கையில் எடுத்துக்கொண்டு மாமுவிடம் போனான்.

அமீருத்தீன் வேட்டைப் பழக்கம் உள்ளவர், பறவைகளை ஓரளவு அறிந்தவர். ஆனாலும் இது என்ன குருவி என்று அவருக்குத் தெரியவில்லை. தெரிந்ததுபோல ஏதாவது சொல்லி அனுப்பியிருக்கலாம், அல்லது தூக்கி எறி என்று அதட்டியிருக்கலாம். அவர் இரண்டும் செய்யவில்லை. தாம் உறுப்பினராக இருந்த பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் மில்லர்டுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, குருவியோடு பையனை அங்கே அனுப்பிவைத்தார்.

ஆங்கிலேயர் ஒருவரின் அலுவலகத்துக்குள் தயங்கித் தயங்கி நுழைந்தான் சலீம். மில்லர்டு குருவியைப் பார்த்த உடனே அது மஞ்சள் கழுத்துச் சிட்டு என்று சொல்லிவிட்டார். அதோடு நிற்காமல் அலமாரி இழுப்பறைகளை ஒவ்வொன்றாக இழுத்துத் திறந்து காட்டினார். பாடம் செய்யப்பட்ட நூற்றுக்கணக்கான பறவைகள் வரிசை வரிசையாக இருந்தன. படிக்கப் புத்தகங்களும் கொடுத்தார். பறவைகளைப் பாடம் செய்யவும், பார்த்ததைக் குறித்து வைக்கவும் அந்தக் கழகத்தில்தான் சலீம் கற்றுக்கொண்டார்.

மார்க்க அக்கறையில் பிறந்த ஒரு சிறு சந்தேகமும், அதை மதித்த ஒரு மாமுவும், இழுப்பறையைத் திறந்து காட்டிய ஓர் அந்நியரும் சேர்ந்து அந்தப் பையனின் பாதையைத் திருப்பிவிட்டார்கள்.

பட்டம் இல்லாத அறிஞர்

படிப்பில் சலீம் சிறந்தவர் அல்லர். பதின்மூன்று வயது முதல் தீராத தலைவலி. பள்ளிக்குப் போவதே அடிக்கடி தடைப்பட்டது. காற்று மாற்றத்துக்காகச் சிந்து மாகாணத்தில் உறவினர் வீட்டில் சிறிது காலம் இருந்தார். 1913இல் மெட்ரிகுலேஷன் தேர்வில் தட்டுத்தடுமாறித் தேறினார். தூய சவேரியார் கல்லூரியில் முதலாண்டே கடினமாகிவிட, படிப்பை விட்டுவிட்டுப் பர்மாவில் தவாய் பகுதிக்குப் போனார். அங்கே குடும்பத்துக்கு டங்ஸ்டன் தாதுச் சுரங்கமும் மரத் தொழிலும் இருந்தன. தொழிலைக் கவனிக்கப் போனவரைச் சுற்றியிருந்த காடு இழுத்துக்கொண்டது.

1917இல் பம்பாய் திரும்பி வணிகச் சட்டமும் கணக்கியலும் படிக்கச் சேர்ந்தார். அவருடைய ஆர்வத்தை அறிந்த சவேரியார் கல்லூரிப் பாதிரியார் பிளாட்டர், விலங்கியலும் படி என்று வற்புறுத்தினார். காலையில் வணிகக் கல்லூரி, பிறகு விலங்கியல் வகுப்பு என்று ஓடினார். 1918 டிசம்பரில் தெஹ்மினா பேகத்தை மணந்தார்.

பர்மாத் தொழில் கைகொடுக்கவில்லை. வேலை தேட வேண்டியதாயிற்று. இந்திய விலங்கியல் ஆய்வகத்தில் பறவையியலாளர் பணியிடம் ஒன்று இருந்தது. முறையான பட்டம் இல்லை என்பதால் அது அவருக்குக் கிடைக்கவில்லை. 1926இல் பம்பாய் வேல்ஸ் இளவரசர் அருங்காட்சியகத்தில் பார்வையாளர்களுக்கு விளக்கம் சொல்லும் விரிவுரையாளர் வேலை, மாதம் 350 ரூபாய்ச் சம்பளத்தில் கிடைத்தது.

இரண்டு ஆண்டுகளில் விடுப்பு எடுத்துக்கொண்டு ஜெர்மனிக்குப் போனார். பெர்லின் பல்கலைக்கழக விலங்கியல் அருங்காட்சியகத்தில் எர்வின் ஸ்ட்ரெஸ்மான் என்னும் பேரறிஞர் அவரை மாணவராக ஏற்றுக்கொண்டார். பட்டத்தை முன்வைத்து அவர் தயங்கவில்லை. சலீம் அலி தம் வாழ்நாள் முழுவதும் ஆசான் என்று மதித்தது இவரைத்தான். ஹெலிகோலாந்து தீவில் பறவைகளின் காலில் வளையமிடும் முறையையும் பழகிக்கொண்டார்.

1930இல் பெரிய பயிற்சியோடு ஊர் திரும்பியவரை வரவேற்றது ஒரு கெட்ட செய்தி. பணம் இல்லை என்று அருங்காட்சியகத்தில் அவர் வகித்த பதவியையே எடுத்துவிட்டிருந்தார்கள்.

கிஹிம் கிராமத்துத் தூக்கணாங்குருவிகள்

முப்பத்து மூன்று வயது, கையில் வேலை இல்லை. பம்பாயில் குடும்பம் நடத்தும் செலவைத் தாங்க முடியாமல் சலீம் அலியும் தெஹ்மினாவும் கடலுக்கு அக்கரையில் இருந்த கிஹிம் என்னும் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தார்கள். மழைக்காலம் வந்தது. வீட்டுக்கு அருகே மரத்தில் தூக்கணாங்குருவிகள் கூட்டமாகக் கூடு பின்னத் தொடங்கின.

வேலை போனவரிடம் நேரம் நிறைய இருந்தது. மறைவாக அமர்ந்து நாள்தோறும் அந்தக் குருவிகளையே பார்த்தார். எந்த ஆண் எந்தக் கூட்டில், எந்தப் பெண் எப்போது வந்தது என்று ஒவ்வொன்றையும் எழுதினார்.

தூக்கணாங்குருவியை நம் ஊரில் தெரியாதவர் இல்லை. ஏரிக்கரைப் பனைகளிலும், கிணற்றின் மேல் சாய்ந்த மரங்களிலும் அதன் கூடுகள் தொங்கும். மின்மினியைப் பிடித்துக் களிமண்ணில் ஒட்டி இரவில் விளக்கேற்றிக்கொள்ளும் என்று பாட்டிமார்கள் சொல்லக் கேட்டிருப்போம். கூட்டுக்குள் களிமண் பூச்சு இருப்பது உண்மை. விளக்கு கதைதான்.

சலீம் அலி கண்டது கதையைவிட வியப்பானது. ஆண் குருவி கூட்டை முழுவதும் கட்டிவிடுவதில்லை. தலைக்கவசம் போன்ற பாதி வடிவத்தில் நிறுத்திவிட்டுச் சிறகடித்துப் பெண்களை அழைக்கிறது. பெண் குருவிகள் வந்து, உள்ளே நுழைந்து, இழுத்துப் பார்த்துச் சோதிக்கின்றன. ஒரு பெண் ஒப்புக்கொண்டு குடியேறிய பிறகுதான் ஆண் மீதிக் கூட்டைக் கட்டி முடிக்கிறது. பெண் முட்டையிட்டு அடைகாக்கத் தொடங்கியதும், ஆண் அடுத்த கூட்டைத் தொடங்கி வேறொரு பெண்ணை அழைக்கிறது. பிடிக்காத கூடுகள் பாதியிலேயே தொங்கி நிற்கின்றன. மரத்தில் வெறுமையாகத் தொங்கும் அரைகுறைக் கூடுகள் எதற்காக என்ற பழைய கேள்விக்கு இப்படித்தான் விடை கிடைத்தது.

அதுவரை யாரும் முறையாகப் பதிவு செய்யாத செய்தி அது. கழகத்தின் ஆய்விதழில் அந்தக் கட்டுரை வெளிவந்ததும் பறவையியல் உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது. அதற்குப் பெரிய ஆய்வுக்கூடமோ வெளிநாட்டுக் கருவியோ தேவைப்படவில்லை. எல்லாரும் நாள்தோறும் பார்க்கிற ஒரு குருவியை அவர் உட்கார்ந்து, பொறுமையாக, எழுதி வைத்துப் பார்த்தார்.

தெஹ்மினாவின் துணை

அதன் பிறகு ஒரு வழி பிறந்தது. ஹைதராபாத், கொச்சி, திருவிதாங்கூர், குவாலியர், இந்தூர், போபால் என்று சமஸ்தானங்களின் பறவைகளைக் கணக்கெடுக்கும் பணியை ஏற்றார். பயணத்துக்கும் முகாமுக்கும் ஆகும் செலவைக் கொடுத்தால் போதும், தம் உழைப்புக்கு ஊதியம் வேண்டாம் என்பதுதான் அவருடைய ஏற்பாடு. இங்கிலாந்தில் படித்து வளர்ந்த தெஹ்மினா காட்டுக் கூடாரங்களில் அவரோடு தங்கினார். முகாமை நடத்தியதோடு கணவரின் ஆங்கில நடையையும் திருத்தி மெருகேற்றினார்.

1939இல் ஒரு சிறு அறுவை சிகிச்சைக்குப் பின் தெஹ்மினா காலமானார். சலீம் அலியின் உலகம் இடிந்துபோனது. அதன்பின் தம் சகோதரி கமூ, மைத்துனர் ஹசன் அலி ஆகியோரின் வீட்டில் வாழ்ந்தார். மறுமணம் செய்துகொள்ளவில்லை.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1941இல், இந்தியப் பறவைகள் பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது. வண்ணப் படங்களோடு, சாதாரண வாசகரும் கையில் எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போகும்படி எழுதப்பட்ட நூல் அது. பல தலைமுறை இந்தியர்களுக்குப் பறவை பார்க்கக் கற்றுக்கொடுத்தது அதுதான். அமெரிக்க அறிஞர் டில்லன் ரிப்ளியோடு சேர்ந்து இந்தியா, பாகிஸ்தான் பறவைகளுக்கான பத்துத் தொகுதிக் கையேட்டை 1968 முதல் 1974 வரை வெளியிட்டார். அது முடிந்தபோது அவருக்கு வயது 77.

விடுதலைக்குப் பின் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பணமின்றித் தத்தளித்தது. சிறுவனாகத் தாம் குருவியோடு நுழைந்த அந்தக் கழகத்துக்காகப் பிரதமர் நேருவிடம் உதவி கேட்டு எழுதி அதைக் காப்பாற்றினார்.

தமிழ் மண்ணில் அவர் தடம்

வேதாரண்யத்துக்கு அருகே கோடியக்கரையின் சதுப்பு நிலங்களில் குளிர்காலத்தில் பூநாரைகளும், வடக்கே வெகு தொலைவிலிருந்து வரும் உள்ளான்களும் கூடுகின்றன. அந்த இடத்தின் அருமையை 1962இல் சலீம் அலி எடுத்துக்காட்டினார். 1967இல் அது சரணாலயமாயிற்று. கழகத்தினர் அங்கே பறவைகளை வலையில் பிடித்து, காலில் வளையமிட்டு, அவை எங்கிருந்து வந்து எங்கே போகின்றன என்று ஆராய்ந்தார்கள். சித்திரை, வைகாசியில் நம் ஏரிகளில் வலசைப் பறவைகள் பெரும்பாலும் கிளம்பிப் போயிருக்கும். எஞ்சி நிற்பவை நம் மண்ணிலேயே பிறந்து வாழ்பவை. இந்த வேறுபாட்டை நாம் அறிவதற்குக் காரணம் அப்படிப்பட்ட உழைப்புதான்.

தேனி மாவட்டத்து மேகமலையிலும் அவர் பெயர் இருக்கிறது. 1948இல் அங்கே ஹட்டன் என்னும் இயற்கை ஆர்வலர் ஒரு பழந்தின்னி வௌவாலைப் பிடித்துக் கழகத்துக்குக் கொடுத்தார். சாதாரண வகை என்று பெயரெழுதி இழுப்பறையில் வைத்துவிட்டார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் அது அப்படியே கிடந்தது. தாய்லாந்து அறிஞர் கிட்டி தொங்லோங்யா அதை மறுபடி எடுத்துப் பார்த்து, உலகம் இதுவரை அறியாத இனம் என்று கண்டறிந்து, 1972இல் சலீம் அலியின் பெயரைச் சூட்டினார். தெரிந்ததுதான் என்று மூடி வைத்த இழுப்பறையை இன்னொருவர் திறந்து பார்த்ததால் கிடைத்த பெயர் அது.

1990இல் மத்திய அரசின் ஆதரவில் கோவை ஆனைகட்டியில் தொடங்கப்பட்ட பறவையியல் மையமும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

பிழையும் பாடமும்

பெரியவர்களின் வாழ்க்கையைச் சொல்லும்போது குறைகளை மறைப்பது நல்லதல்ல. சலீம் அலி ஆய்வுக்காக ஆயிரக்கணக்கில் பறவைகளைச் சுட்டுப் பாடம் செய்தவர். அக்காலத்து அறிவியலில் அதுவே வழி என்று அவர் நம்பினார். சமயச் சடங்குகளில் ஒட்டாமல் வாழ்ந்தார், அதைத் தம் சுயசரிதையில் வெளிப்படையாகவே எழுதினார். அதில் நமக்கு உடன்பாடு இல்லாமல் போகலாம். இல்லாத பக்தியை அவர்மேல் ஏற்றிச் சொல்வதைவிட உள்ளபடி சொல்வதே நேர்மை.

இன்னொன்று கனமானது. ராஜஸ்தானில் பரத்பூர் சதுப்பு நிலம் வயலாக மாறாமல் பாதுகாக்கப்பட்டதில் அவருடைய பங்கு பெரிது. பிற்காலத்தில், அங்கே மாடு மேய்ப்பதை நிறுத்த வேண்டும் என்ற கருத்தையும் அவர் ஆதரித்தார். 1982இல் தடை வந்தது. வாழ்வாதாரம் இழந்த கிராம மக்கள் எதிர்த்தார்கள். காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அதோடு, எருமைகள் மேயாமல் போனதும் நீரில் புல்லும் களையும் மண்டின. நீர்ப்பறவைகள் பலவற்றின் எண்ணிக்கை குறைந்தது. இதைக் கண்டறிந்து சொன்னது சலீம் அலியின் சொந்தக் கழகம் நடத்திய நீண்ட கால ஆய்வுதான்.

தம் தலைவர் ஆதரித்த கருத்துக்கு எதிராகவே கண்ட உண்மையை எழுதும் துணிவை அந்தக் கழகம் யாரிடம் கற்றது? கிஹிம் மரத்தடியில் உட்கார்ந்து, கேட்டதை விட்டுவிட்டுக் கண்டதை எழுதிய அந்த மனிதரிடம்தான். மனிதரையும் மாட்டையும் விலக்கிவிட்டால் பறவை வாழும் என்பது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. ஏரிக்கரையில் மாடு மேய்ப்பவரும் அந்த ஏரியின் பங்காளிதான்.

பத்மபூஷண் 1958இலும், பத்மவிபூஷண் 1976இலும் அவருக்குக் கிடைத்தன. 1985இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கைக் காக்கும் போராட்டத்திலும் அவர் குரல் ஒலித்தது. 1987 ஜூன் 20ஆம் நாள், தொண்ணூறு வயதில், புற்றுநோயால் பம்பாயில் காலமானார்.

நம் வீட்டு மாமுமார்களுக்கு

இந்த விடுமுறையில் நம் பிள்ளைகளுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுக்கலாம். தேதி, நேரம், இடம், பார்த்த பறவை, அது என்ன செய்துகொண்டிருந்தது. இவ்வளவு எழுதினால் போதும். பெயர் தெரியாவிட்டால் நிறத்தையும் அலகையும் எழுதி வைக்கட்டும். குயிலைக் காகம் துரத்துவதை எத்தனை நாள் பார்த்தார்கள் என்று குறிக்கட்டும். வைகாசியில் ஏரிக்கரைப் பனையோரம் தூக்கணாங்குருவிகளின் ஆண்களில் எத்தனைக்குத் தலை மஞ்சளாகியிருக்கிறது என்று எண்ணட்டும். மழையை ஒட்டிக் கூடு தொடங்கும்போது, அரைகுறைக் கூடுகள் எத்தனை என்று அவர்களே பார்ப்பார்கள்.

ஒரே ஒரு கண்டிப்பு வேண்டும். கூட்டையும் முட்டையையும் தொடக் கூடாது. சரளைக்கல் தரையில் ஆள்காட்டி கத்திக் கத்தி நம் தலைக்கு மேல் சுற்றினால், அருகில் எங்கோ கல்லின் நிறத்திலேயே அதன் முட்டைகள் கிடக்கின்றன என்று பொருள். நின்று, வந்த வழியே திரும்பிவிட வேண்டும்.

இன்ஜினியரிங், மருத்துவம் என்று நாம் போடும் கணக்கில் பறவை வராது. சலீம் அலியின் மாமுவும் தம் மருமகன் பறவை அறிஞராக வேண்டும் என்று திட்டமிடவில்லை. செத்த குருவியோடு வந்து நின்ற பையனுக்குத் தமக்குத் தெரியாததைத் தெரிந்தவரிடம் ஒரு கடிதம் கொடுத்து அனுப்பினார், அவ்வளவுதான்.

நாளைக் காலை பைக்கில் போகும்போது பிள்ளை மறுபடி கேட்கும். தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லுங்கள். பிறகு வண்டியை ஓரமாக நிறுத்துங்கள்.